பச்சை எல்லாம் காடா? ஏலமலையும் செயற்கைக்கோள் மென்பொருள்களும்

கூகுள் எர்த்தில் ராசிங்காபுரம் என்று தேடிப் போனால், போடிநாயக்கனூருக்குத் தெற்கே மலையடிவாரத்தில் ஒரு ஊர் வந்து நிற்கும். ஊரைச் சுற்றிக் கட்டம் கட்டமாக வயலும் தோப்பும். படத்தை மேற்கே கொஞ்சம் நகர்த்தினால் செங்குத்தான சரிவு, பாறையும் புதருமாக. இன்னும் கொஞ்சம் நகர்த்தி மலை விளிம்பைத் தாண்டினால் காட்சி சட்டென்று மாறிவிடும். ஒரே கரும்பச்சை. அது கேரளத்தின் இடுக்கி மாவட்டம், உடும்பன்சோலைப் பக்கம்.

அந்தக் கரும்பச்சை என்ன? சென்னையில் உட்கார்ந்து பார்ப்பவர் காடு என்பார். விடியற்காலையில் ஜீப்பில் போடிமெட்டு ஏறிக் கூலி வேலைக்குப் போகிற அடிவாரத்துக்காரர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். அதில் பெரும்பகுதி ஏலத்தோட்டம். ஏலச்செடி நேர் வெயிலைத் தாங்காது. அதனால் காட்டு மரங்களை நிழலுக்கு விட்டுவைத்து, அடியில் செடி வைப்பது அங்கே தலைமுறைகளாக நடப்பது. மேலே இருந்து பார்த்தால் மரத்தின் தலை தெரியும், ஏலக்காய் தெரியாது.

இது வெறும் விடுகதை அல்ல. அந்தப் பச்சையைக் காடு என்று எழுதுவதா, தோட்டம் என்று எழுதுவதா என்பதில் பட்டா இருக்கிறது, மரம் வெட்டும் உரிமை இருக்கிறது, வழக்கு இருக்கிறது. அதை எழுதும் வேலையைக் கடந்த ஐம்பது ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கணிப்பொறியிடம் ஒப்படைத்து வந்திருக்கிறோம். அந்தக் கணிப்பொறிக்கு வேலை சொல்லிக் கொடுத்த மென்பொருள்களின் கதை சுவாரசியமானது.

கதை செயற்கைக்கோளில் தொடங்கவில்லை. 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி இரும்புச் சங்கிலி போட்டுத் தரையை அளக்கத் தொடங்கினார். இந்தியாவின் மகா முக்கோண அளவை என்பது அதுதான். ஒரு கோட்டைத் துல்லியமாக அளந்துவிட்டால், அதன் இரு முனைகளிலிருந்து தூரத்து உச்சிகளைப் பார்த்துக் கோணம் எடுத்தே நாடு முழுவதையும் அளந்துவிடலாம். கோணம் பார்க்கும் தியோடலைட் கருவி சுமார் அரை டன் எடை! 1808-ல் அதைத் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதிச் சேதமானது. லாம்டன் அசரவில்லை, உட்கார்ந்து தானே சரி செய்தார். 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்ற இரண்டு லெப்டினன்ட்கள் திருவிதாங்கூரை அளந்து படம் வரைந்தார்கள்.

லாம்டனுக்குப் பின் வந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். (சிகரத்துக்குப் பெயர் கொடுத்த அதே எவரெஸ்ட்.) பூமி சரியான உருண்டை அல்ல, துருவங்களில் கொஞ்சம் தட்டை. எவ்வளவு தட்டை என்று 1830-ல் அவர் ஒரு கணக்கு வைத்தார். இந்திய வரைபடங்கள் எல்லாம் அந்தக் கணக்கின் மேல்தான் வரையப்பட்டன. ஜி.பி.எஸ். கருவியோ வேறொரு பூமிக் கணக்கில் பேசுகிறது. பழைய வரைபடத்தின் எல்லைக்கோட்டை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் மாற்றம் செய்யாமல் அப்படியே வைத்தால், தேனிப் பக்கத்தில் கோடு நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப் போய் விழும். அதனால்தான் இன்றும் எந்த ஜி.ஐ.எஸ். மென்பொருளைத் திறந்தாலும் பட்டியலில் 'எவரெஸ்ட் 1830' என்று ஒரு தேர்வு இருக்கும். கம்பெனி காலத்துக் கணக்கு ஒன்று இன்றைய கணிப்பொறிக்குள் உட்கார்ந்திருக்கிறது.

இனி விண்ணுக்கு வருவோம். அதற்கு முன் ஒரு ஹெலிகாப்டர். 1970-ல் கேரளத்தின் காயங்குளம் பகுதியில் தென்னை வாடல் நோய் தோப்பு தோப்பாகப் பரவிக் கொண்டிருந்தது. பிஷாரத் ராம பிஷாரடி என்ற விஞ்ஞானி, ஹெலிகாப்டரில் கேமராவை வைத்து, அகச்சிவப்பு ஒளியைப் பதியும் பிலிமில் அந்தத் தோப்புகளைப் படம் எடுக்க வைத்தார். பச்சை இலை நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை ஏராளமாகத் திருப்பி அனுப்பும். நோய் கண்ட இலை குறைவாக அனுப்பும். பிலிமில் நல்ல மரம் பளிச்சென்ற சிவப்பு, நோயுற்ற மரம் மங்கல். இந்தியாவில் தொலையுணர்வு தொடங்கிய இடம் இதுதான் என்கிறார்கள். பிஷாரடியை இந்தியத் தொலையுணர்வின் தந்தை என்பதும் இதனால்தான். இவ்வளவு பெரிய துறை ராக்கெட்டில் அல்ல, ஒரு தென்னந்தோப்பில் தொடங்கியது என்பது தென்னாட்டுக்காரர்கள் பெருமைப்பட வேண்டிய விஷயம். ஏனோ பாடப் புத்தகங்கள் இதைப் பெரிதாகச் சொல்வதில்லை.

அதே காலத்தில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் மக்காச்சோளத்தோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தார்கள். 1970-ல் அங்கே மக்காச்சோளத்தில் கருகல் நோய் வெடித்தது. 1971-ல் விமானத்திலிருந்து எடுத்த தகவல்களைக் கணிப்பொறியில் போட்டு, எந்த வயலில் நோய் என்று பிரித்துப் பார்த்தார்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்திய மென்பொருளின் பெயர் லார்சிஸ். செயற்கைக்கோள் படங்களைப் படிக்கும் எல்லா மென்பொருளுக்கும் அதைப் பாட்டன் எனலாம்.

லார்சிஸ் செய்ததை எளிதாகச் சொல்லிவிடலாம். படம் என்பது கணிப்பொறிக்குப் படம் அல்ல, எண்களின் அட்டவணை. ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பில் ஓர் எண், அகச்சிவப்பில் ஓர் எண் என்று நாலைந்து எண்கள். அகச்சிவப்பு 80, சிவப்பு 20 என்று வையுங்கள். இரண்டின் வித்தியாசம் 60, கூட்டல் 100, வகுத்தால் 0.6. செழிப்பான தாவரம் என்று பொருள். வெறும் மண் என்றால் இந்த எண் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும். தாவரக் குறியீடு என்று இன்று உலகம் முழுக்கப் பயன்படும் கணக்கு இவ்வளவுதான்.

ஆனால் எவ்வளவு பச்சை என்பது ஒரு கேள்வி, என்ன பச்சை என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு மென்பொருளுக்குப் பாடம் நடத்த வேண்டும். நடந்து போய்ப் பார்த்த ஒருவர் படத்தில் ஓரிடத்தைக் காட்டி 'இது தேயிலை', இன்னோரிடத்தைக் காட்டி 'இது சோலைக்காடு' என்று சொல்லிக் கொடுப்பார். மென்பொருள் அந்த எண்களை மனப்பாடம் செய்துகொண்டு, மற்ற லட்சக்கணக்கான பிக்சல்களையும் எது எதைப் போல இருக்கிறது என்று பார்த்துப் பெயர் ஒட்டும். தேயிலை மாட்டிக் கொள்ளும், ஏனென்றால் அது மேலே பாய் விரித்த மாதிரி வழவழப்பாக இருக்கும். ஏலம் மாட்டாது. அதன் மேலே நிற்பது உண்மையான காட்டு மரம். கேட்ட கேள்விக்கு மென்பொருள் சரியாகத்தான் பதில் சொல்கிறது, மரம் என்று.

1972 ஜூலை 23-ல் அமெரிக்கா லேண்ட்சாட் முதல் செயற்கைக்கோளை அனுப்பியது. 185 கிலோமீட்டர் சதுரத்தை ஒரே படத்தில் அடக்கிவிடும். ஒரு படத்தில் சுமார் 75 லட்சம் பிக்சல்கள். ஒரு பிக்சலின் அளவு நம் ஊர்க் கணக்கில் ஒரு ஏக்கருக்குச் சற்று மேல். ஆகவே ஒரு ஏக்கருக்குக் குறைந்த எதற்கும் அந்தப் படத்தில் தனி முகம் கிடையாது. ஐதராபாத்தில் தேசிய தொலையுணர்வு முகமை 1974-ல் உருவானது. 1979-ல் ஐதராபாத்துக்கு அருகே ஷாத்நகரில் லேண்ட்சாட் தகவல்களை நேரடியாகப் பெறும் நிலையம் வந்தது. தகவல்கள் காந்த நாடாக்களில் இருந்தன. அதைப் படிக்க வசதியுள்ள கணிப்பொறி நாட்டில் சில இடங்களில்தான். மற்றவர்கள் படத்தைப் பெரிய தாளில் அச்சிட்டு, மேலே ஒளி ஊடுருவும் தாளை வைத்து, கையால் கோடு போட்டார்கள். தாவரம் சிவப்பாகத் தெரியும் அந்தப் படங்களில் மேற்குத் தொடர்ச்சி மலை ரத்தச் சிவப்பாக இருக்கும்.

இந்த வரலாற்றில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சம்பவம் இங்கேதான் வருகிறது. 1980-களின் நடுவில் தேசிய தொலையுணர்வு முகமை லேண்ட்சாட் படங்களைப் பார்த்து, இந்தியாவின் காடு 1972-75 காலத்தில் நிலப்பரப்பில் 16.89 சதவீதமாக இருந்தது, 1980-82-ல் 14.10 ஆகிவிட்டது என்று சொன்னது. நாடே அதிர்ந்தது. 1981-ல் தொடங்கப்பட்ட இந்திய வன ஆய்வு நிறுவனம் 1987-ல் தன் முதல் அறிக்கையை வெளியிட்டது. அதுவும் லேண்ட்சாட் படங்கள்தான், ஏறக்குறைய அதே ஆண்டுகள்தான். கிடைத்த விடை 19 சதவீதத்துக்கு மேல்! நடுவே உள்ள ஐந்து சதவீதம் என்பது தமிழ்நாட்டைவிடப் பெரிய நிலப்பரப்பு. பிறகு இரு தரப்பும் உட்கார்ந்து பேசிக் கணக்கை ஒத்துப் போகச் செய்தார்கள்.

காடு எங்கும் மாயமாகவில்லை, திரும்பவும் முளைக்கவில்லை. எதைக் காடு என்று எழுதுவது என்பதில்தான் வேறுபாடு. அந்த முதல் அறிக்கை பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுத்திட்டத்தில் கண்ணால் பார்த்து வரைந்தது. அதில் 400 ஹெக்டேருக்குக் குறைந்த காட்டையோ காட்டுக்குள் உள்ள வெட்டவெளியையோ வரையவே முடியாது.

1988 மார்ச் 17-ல் இந்தியாவின் சொந்த ஐ.ஆர்.எஸ்.-1ஏ, சோவியத் ராக்கெட்டில் பைக்கனூரிலிருந்து கிளம்பியது. அதன் இரண்டாவது வகைக் கேமராவில் ஒரு பிக்சல் சுமார் 32 சென்ட். 1995 டிசம்பரில் போன ஐ.ஆர்.எஸ்.-1சி-யின் கறுப்பு வெள்ளைக் கேமராவில் ஒரு பிக்சல் ஒரு சென்ட்டுக்கும் குறைவு. அன்றைக்கு ராணுவம் சாராத செயற்கைக்கோள்களில் உலகிலேயே கூர்மையான கண் அதுதான். அதன் வண்ணக் கேமராவில் சுமார் 13 சென்ட். வன ஆய்வு நிறுவனத்தின் 2001 அறிக்கை அத்தகைய படங்களை வைத்து முழுக்கக் கணிப்பொறியில் செய்யப்பட்டது.

கூர்மை கூடியது, ஆனால் வரையறை என்ன? ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலம், அதில் பத்து சதவீதத்துக்கு மேல் மரத்தலைகள் மூடியிருந்தால் 'வனப்பரப்பு'. யாருடைய நிலம், என்ன மரம், சட்டப்படி காடா என்பது கணக்கில் இல்லை. தென்னந்தோப்பு வரும், மாந்தோப்பு வரும். ஏலத்தோட்டம் கேட்கவே வேண்டாம், அடர்த்தியான காடாகவே வரும். இப்படி வரையறுத்ததற்குக் காரணம் உண்டு, செயற்கைக்கோளால் பார்க்க முடிவது அவ்வளவுதான். அதை அறிக்கையே சொல்லிவிடுகிறது. அறிக்கையைப் பற்றி எழுதும் பத்திரிகைத் தலைப்புகள்தான் அதை விழுங்கிவிட்டு 'காடு வளர்ந்தது' என்று போடுகின்றன.

மென்பொருள்கள் யார் கையில் இருந்தன என்பதும் முக்கியம். 1969-ல் அமெரிக்காவில் தொடங்கிய எஸ்ரி நிறுவனம் 1982-ல் ஆர்க்-இன்ஃபோவைக் கொண்டுவந்தது. 1978-ல் தொடங்கிய எர்டாஸ் நிறுவனம் படங்களைப் பகுக்கும் மென்பொருளுக்குப் பெயர் வாங்கியது. இரண்டும் நல்ல மென்பொருள்கள்தான், விலைதான் சாதாரணக் கல்லூரிக்கு எட்டாது. படமும் அப்படியே. லேண்ட்சாட்டைத் தனியாரிடம் விட்டிருந்த ஆண்டுகளில் ஒரு படத்தின் விலை 4,400 டாலர் வரை போனது. ஐ.ஐ.டி. பம்பாய், மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை ஆதரவில் கிராம்++ என்ற உள்நாட்டு மென்பொருளை உருவாக்கியது. மாவட்ட, கிராம அளவில் திட்டமிடுபவர்களுக்கு என்று செய்தது. நல்ல முயற்சி, ஆனால் பரவலாகவில்லை.

பரவியது வேறொன்று. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் தங்கள் முகாம் நிலங்களைப் பராமரிக்க கிராஸ் என்ற மென்பொருளை எழுதினார்கள். (அதன் விளம்பரப் படத்துக்குப் பின்னணிக் குரல் கொடுத்தவர் ஸ்டார் டிரெக் கேப்டன் வில்லியம் ஷாட்னர். யூடியூபில் தேடினால் கிடைக்கும், பார்க்க வேண்டிய காமெடி.) 1990-களில் ராணுவம் கைவிட்டபோது பல்கலைக்கழகங்கள் எடுத்துக்கொண்டன. 1999-ல் கட்டற்ற மென்பொருளாக வந்தது. 1998-ல் ஃபிராங்க் வார்மர்டாம் என்பவர் ஜிடால் என்ற நூலகத்தை எழுதத் தொடங்கினார். ஒவ்வொரு செயற்கைக்கோளும் ஒவ்வொரு கோப்பு வடிவத்தில் தகவல் தருமே, அதையெல்லாம் படித்துக் கொடுக்கும் மொழிபெயர்ப்பாளர் அது. பெயர் வெளியே தெரியாது, ஆனால் அது இல்லாத ஜி.ஐ.எஸ். மென்பொருளைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். 2002-ல் அலாஸ்காவில் கேரி ஷெர்மன் கியூ.ஜி.ஐ.எஸ்.-ஐத் தொடங்கினார். 2008-ல் அமெரிக்கா லேண்ட்சாட் படங்கள் அனைத்தையும் இலவசமாக்கியது. மென்பொருளும் இலவசம், படமும் இலவசம். முகமைகளுக்கு மட்டும் இருந்த வசதி ஒரு மாணவரின் மேசைக்கு வந்துவிட்டது.

நடுவில் 2005 ஜூனில் கூகுள் எர்த் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில், ஐதராபாத்தில் காவல்துறை அதிகாரிகளிடம் பேசிய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம், இதனால் நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து வரலாம் என்று கவலை தெரிவித்தார். 2009 ஆகஸ்டில் இஸ்ரோ தன் பங்குக்கு 'புவன்' தளத்தைத் திறந்தது.

மீண்டும் ராசிங்காபுரத்துப் பக்கம். பக்கத்துப் பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் கட்டும் திட்டம் எல்லோரும் அறிந்ததே. 2017 மார்ச்சில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு அதன் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. கேரளத்து மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, ஆகவே திட்டத்தை வேறு பிரிவில் பரிசீலித்திருக்க வேண்டும் என்பது காரணம். ஓர் இடத்தைச் சுற்றி 5 கிலோமீட்டரில் வளையம் போடுவது ஜி.ஐ.எஸ். கற்பவர்கள் முதல் வாரத்தில் செய்யும் பயிற்சி. ஆனால் வளையத்துக்குள் வரும் பூங்காவின் எல்லைக்கோட்டை மென்பொருள் வரையவில்லை. அந்தச் சோலை ஏலக்காய்க்காக ஆக்கிரமிக்கப்பட்டு, 2002 வாக்கில் பெரும் சர்ச்சையாகி, 2003-ல் தேசியப் பூங்காவானது. கோடு அங்கே விழுந்ததற்குப் பின்னால் இருப்பது அந்தச் சண்டை. ஆய்வகத்துக்கு 2018-ல் மத்திய அரசு சிறப்பு நேர்வாக அனுமதி கொடுத்தது, தமிழக அரசு எதிர்ப்பில் நின்றது.

அதே 2018, மார்ச் 11. போடிக்கு மேற்கே குரங்கணி மலையில் காட்டுத்தீ. கொழுக்குமலை நடைபயணம் போய் இறங்கிக் கொண்டிருந்தவர்கள் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அப்போது செயற்கைக்கோள் வழித் தீ எச்சரிக்கை இல்லாமல் இல்லை. வன ஆய்வு நிறுவனம் 2004 முதலே டெர்ரா, அக்வா செயற்கைக்கோள்களின் மோடிஸ் கருவியை வைத்து எச்சரிக்கை அனுப்பி வந்தது. அதன் பிக்சல் ஒரு கிலோமீட்டர் சதுரம், அதாவது 247 ஏக்கர். பிறகு வந்த விர்ஸ் கருவியில் சுமார் 35 ஏக்கர். குரங்கணிச் சரிவில் 35 ஏக்கருக்குள் எத்தனை பள்ளம், எத்தனை புல்மேடு! தீ ஒரு புல்மேட்டைத் தாண்டச் சில நிமிடம் போதும். இந்தச் செயற்கைக்கோள்களோ ஒவ்வொன்றும் ஓரிடத்தை ஒரு நாளில் இரண்டு முறை போலத்தான் கடக்கும். கடந்த பின் தகவல் இறங்கி, மென்பொருள் சலித்து, குறுஞ்செய்தி போக இன்னும் நேரம். அன்றைக்கு முதலில் மேலே ஏறியவர்கள் குரங்கணிப் பகுதி மக்கள். 2019-ல் எச்சரிக்கை முறை புதுப்பிக்கப்பட்டது.

ஏலமலை வழக்குக்கு வருவோம். 1996 டிசம்பரில், கூடலூர்ப் பக்கத்துக் கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம், காடு என்ற சொல்லுக்கு அகராதிப் பொருளைத்தான் கொள்ள வேண்டும், நிலம் யாருடையதாக இருந்தாலும் சரி என்றது. இது ஏலமலையின் தலையில் வந்து விடிந்தது. அங்கே நிலம் வருவாய்த் துறையிடம், மரம் வனத்துறையிடம் என்று பழைய காலத்திலிருந்தே இரட்டை ஆட்சி. திருவிதாங்கூர் அரசின் 1897 அறிவிப்பில் ஏலமலைக் காப்புப் பகுதி 15,720 ஏக்கர் என்கிறது கேரள அரசு. இல்லை, 2,15,720 ஏக்கர் என்கிறார்கள் வழக்குத் தொடுத்த சூழலியலாளர்கள். முன்னால் ஒரு '2' உண்டா இல்லையா! இரண்டு லட்சம் ஏக்கரின் கதி அந்த ஓர் எண்ணில். 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அங்கே புதிதாகப் பட்டா கொடுக்கக் கூடாது என்று இடைக்காலத் தடை விதித்தது. தடையில் பாதிக்கப்படும் விவசாயிகளில் தமிழர்களும் உண்டு. அவர்களை நம்பி அன்றாடம் மலை ஏறும் தேனி மாவட்டத் தொழிலாளர்களைச் சொல்ல வேண்டியதில்லை. லேண்ட்சாட் படம் எத்தனை ஆண்டுப் பழையதைக் கொண்டுவந்து வைத்தாலும் 1972-க்கு முன்னால் போகாது. அந்த '2'-ஐக் காட்டாது.

2025 ஜூலை 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நிசார் கிளம்பியது, நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்தது. அதில் உள்ளது கேமரா அல்ல, ரேடார். அதன் நீள அலை இலைகளைக் கடந்து கிளை, தண்டு வரை போகும். மேகமும் தடை இல்லை, பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை வரும். தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன் தோட்டக்காரர்கள் நிழல் மரங்களைக் கவாத்து செய்வதுண்டு. உடனே மேகம் மூடிவிடுவதால், மாதக் கணக்கில் சாதாரணப் படங்களில் அந்த மாற்றத்தைப் பார்க்க வழியில்லாமல் இருந்தது. இனி வெட்டிய கிளைகளின் கணக்கு எல்லோருக்கும் தெரிய வரலாம். தோட்டக்காரர்களுக்கு இது நல்ல செய்தியா என்பது வேறு விஷயம்.

செய்து பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு குறிப்பு. கியூ.ஜி.ஐ.எஸ். இறக்கிக்கொள்ளுங்கள். ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்களும் இலவசம், ஒரு பிக்சல் இரண்டரை சென்ட். ஜூன், ஜூலை படங்களை எடுத்தால் மேகம்தான் மிஞ்சும். ஜனவரி, பிப்ரவரியில் எடுங்கள். அகச்சிவப்பையும் சிவப்பையும் வைத்து மேலே சொன்ன கழித்தல், கூட்டல், வகுத்தலைப் போட்டுப் பாருங்கள். போடிமெட்டுச் சாலையின் வளைவுகள் கண்ணில் பட்டுவிட்டால் மற்றதைக் கண்டுபிடிப்பது எளிது. மலை விளிம்புக்கு அப்பால் 0.7, 0.8 என்று வரிசையாக வரும். அதில் எது மதிகெட்டான் சோலை, எது ஏலத்தோட்டம் என்று பிரித்துக் காட்டுபவர்கள் பின்னூட்டத்தில் எழுதுங்கள்.